அதிரசம் சுற்றிப் போன இரண்டாம் பக்கம்

உத்திரமேரூர்
பங்குனி 4, செவ்வாய்க்கிழமை

சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊர்பேர் தெரியாத நோயாளிகளை எண்ணிக்கொண்டிருக்கும் என் ஒரே மகள், இந்நேரம் சௌபாக்கியவதி ஆகியிருக்க வேண்டிய தேவயானிக்கு, உன் நைனா கன்னியப்பன் ஆசீர்வதித்து எழுதுவது என்னவென்றால், இங்கே நான், உன் அம்மா, பசுமாடு மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பசுமாடு நலம். மற்ற இருவரைப் பற்றிக் கீழே வருகிறது. உன் நலத்தை ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே சொல்லிவிட்டதால் திரும்பக் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் எனக்குக் காது கேட்கும். ஸ்பீக்கர் போட்டால் உன் அம்மாவுக்கும் கேட்கும், எதிர்வீட்டுக்கும் கேட்கும். சரி, வாட்ஸ்அப்பில் உனக்கு மட்டும் ரகசியமாகப் பேசி அனுப்பலாம் என்று போன மாதம் ஒரு பட்டனை அழுத்தினேன். அது நம் சொந்தக்காரர்கள் நாற்பத்தொரு பேர் இருக்கிற குரூப்புக்குப் போய்விட்டது. நல்லவேளை, பேச ஆரம்பிக்குமுன் தொண்டையைச் செருமியது மட்டும்தான் போயிற்று. அதற்கே பதினாறு பேர் கைகூப்பி அனுப்பினார்கள். ஆகையால் உன் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும் நேரமாகப் பார்த்து, நேற்றும் இன்றுமாக இதை எழுதுகிறேன். விஷயம் உன் அம்மாவுடைய உயிர். நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன், தேவி. அதை ஒரே வரியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

பொங்கலுக்கு நீ வந்தபோது ஆபீஸ் காகிதம் கொஞ்சம் கொண்டுவந்தாய் அல்லவா, அதில் இரண்டு தாளை வேண்டாம் என்று மேஜைமேல் போட்டுவிட்டாய். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளைப் பார்த்துவிட்டால் உன் அம்மா சும்மா விடுவாளா? ஒன்றை முறுக்குத் தட்டில் எண்ணெய் இழுக்கப் போட்டாள், இன்னொன்றில் அதிரசம் சுற்றி உன் பையிலேயே வைத்துவிட்டாள். நீ செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அதிரசத்தைத் தின்றுவிட்டுத் தாளைக் கசக்கி எறிந்திருப்பாய். எனக்குக் கிடைத்தது முறுக்குத் தாள். பொட்டலம் கட்டி வரும் பழைய பேப்பரைக்கூட விரித்துப் படிக்கிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். முறுக்கைத் தூக்கிவிட்டுப் பார்த்தால், இருதய ரத்தக்குழாய் அடைப்பு என்று போட்டு, காப்பீட்டுக்கு ஆஸ்பத்திரிகள் அனுப்பிய கிளெய்ம் பில்களிலிருந்து எடுத்தது என்று போட்டு, ஒரு கட்டம். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்கள் ஒரு வருடத்துக்குள் செத்தது நூற்றுக்கு ஒன்பது. திறக்காமல் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு நான்கு. இங்கிலீஷ்தான், ஆனால் நம்பரும் டெத் என்கிற வார்த்தையும் நெல்மண்டிக்காரனுக்குத் தெரியாதா?

இதற்குப் பத்து நாள் முன்னால்தான் டாக்டர் உன் அம்மாவுக்கு ஆஞ்சியோ என்று குழாய் விட்டுப் பார்த்து, மூன்று இடத்தில் அடைப்பு, சுகரும் இருக்கிறது, ஸ்டென்ட் சரிவராது, திறந்துதான் செய்யணும் என்று சொல்லியிருந்தார். நீயும்தான் பக்கத்தில் இருந்து கேட்டாய். காப்பீட்டுக் கார்டில் அப்ரூவல் வந்ததும் அட்மிஷன் என்று பேச்சு. அந்தப் பேச்சுக்கு நடுவில் இந்த முறுக்குத் தாள் வந்தது. என் சொந்த மகள் எண்ணிய நம்பர் ஒன்பது என்கிறது, நான்கு என்கிறது, டாக்டர் ஒன்பதில் போய்ப் படு என்கிறார். உன்னை நேராகக் கேட்க பயந்து, மழை, வெயில், மாட்டுத் தீவனம் எல்லாம் விசாரித்துவிட்டுப் போனில் சுற்றிவளைத்துக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"ஏம்மா, ஆபரேஷன் பண்ணவங்க ஜாஸ்தி சாவறாங்களாமே?"

"நைனா, அது வேவாத பச்சை நம்பரு. அத்த அப்படியே படிக்கக் கூடாது. நாங்க அட்ஜஸ்ட் பண்ணுவோம்."

"இன்னாத்த அட்ஜஸ்ட் பண்ணுவீங்க?"

"வயசு, சுகரு, கிட்னி, முன்னாடி எத்தினி தபா அட்மிட் ஆயிருந்தாங்க, எல்லாத்துக்கும் அட்ஜஸ்ட் பண்ணா நம்பரு மாறிடும். சில சமயம் தலைகீழாக்கூட ஆயிடும்."

அத்தோடு உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மண்டியில் அட்ஜஸ்ட் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது, உன் காதில் விழாமல்தான் வளர்த்தேன். தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுவதற்குப் பெயர் அட்ஜஸ்ட். மூட்டையை நிறுக்கும்போது கால் கட்டைவிரலால் லேசாக ஏந்துவதற்குப் பெயர் அட்ஜஸ்ட். முப்பத்திரண்டு வருடம் நசுருதீன் பாய் மண்டியில் எடை பார்த்தேன், ஒரு நாள் ஒரு மூட்டையில் அட்ஜஸ்ட் செய்ததில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் நான் உனக்குச் சேர்த்த சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயானால் கம்ப்யூட்டரில் நம்பர் தலைகீழாகும்வரை அட்ஜஸ்ட் பண்ணுகிறேன் என்று கூச்சமில்லாமல் சொல்கிறாய், அதற்கு மாதச் சம்பளம் வேறு. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. உன் அம்மா என்ன என்று கேட்டதற்கு வாயு என்றேன். வாயுவும் இருந்தது.

மனசு கேட்காமல் இன்னொரு நாள், நீ அங்கே என்னதான் வேலை செய்கிறாய் என்று கேட்டேன். ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் அதே வயசு, அதே நோய் உள்ள, ஆனால் ஆபரேஷன் செய்யாத ஒருவரைத் தேடி, பொருத்தம் பார்த்து ஜோடி சேர்க்கிறோம், பிறகு யார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிறோம் என்றாய். இதில் எனக்குப் புரிந்தது பொருத்தம் என்கிற ஒரு வார்த்தை. அதை வைத்து பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், என் பொண்ணு கம்ப்யூட்டரில் லட்சம் பேருக்குப் பொருத்தம் பார்க்கிறாள் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். மறுநாள் காலை தெருக்கோடி கல்பனா, மகன் ஜாதகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். "ஐயரு பாத்தது தப்பாப் போயி ஒரு தபா நின்னுபோச்சு மாமா, கம்ப்யூட்டர்ல பாத்தா கரெக்டா இருக்குமாமே" என்றாள். அம்மா, அது செத்தவங்களுக்கும் பிழைச்சவங்களுக்கும் பார்க்கிற பொருத்தம் என்று சொன்னதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள்தான், இதுவரை நம் வாசல்பக்கம் தலைகாட்டவில்லை. லட்சம் பேருக்கு ஜோடி சேர்க்கிறவளுக்குத் தனக்கென்று ஒன்று சேர்க்கத் தெரியவில்லையே என்று அவள் போய் எத்தனை வீட்டில் சொன்னாளோ, அதை இங்கே எழுதி உன்னை வருத்தப்படுத்த விரும்பவில்லை.

இனி தப்புக்கு வருகிறேன். அப்ரூவல் தை பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டது. ஆமாம் தேவி. நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்ததா, வந்ததா என்று கேட்டாய், நான் சர்வர் டவுன் என்று சொன்னேன். சர்வர் என்றால் என்ன என்றுகூட எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் காப்பீட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும் இளவரசி என்கிற பெண் போன் செய்து, "அங்கிள், அப்ரூவல் வந்துட்ச்சி, ஆன்ட்டிய எப்ப இட்டுக்கினு வர்றீங்க?" என்று அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டாள். நான், தாமலில் எங்கள் பெரியப்பா தவறிவிட்டார், பதினாறு நாள் தீட்டு என்றேன். பெரியப்பா தவறி ஒன்பது வருடம் ஆகிறது. தீட்டு முடிந்ததும் திரும்பக் கூப்பிட்டாள், உன் அம்மாவுக்குச் சளி என்றேன். சளிக்குப் பிறகு நாள் சரியில்லை என்றேன். நாள் சரியானதும், அதே பெரியப்பாவை மறந்துபோய் இரண்டாம் தடவை சாகடித்துவிட்டேன். அந்தப் பெண், "எத்தினி பெரியப்பா அங்கிள் உங்களுக்கு?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

வீட்டில் நடந்தது இதைவிட மோசம். உன் அம்மாவிடம், அப்ரூவல் விஷயமாக விசாரித்துவிட்டு வருகிறேன் என்று தினமும் பத்து மணிக்குக் கிளம்பிப் போய் பாய் மண்டியில் உட்கார்ந்திருப்பேன், பஸ் ஸ்டாண்டில் ஒரு எலுமிச்சை சோடா குடித்து ஏப்பம் விட்டுவிட்டு, இன்னும் வரலையாம் என்று வீட்டுக்குப் போவேன். அவள் ஒரு வார்த்தை சந்தேகமாகக் கேட்கமாட்டாள். "வரும்போது வரட்டும், நீ வெய்யில்ல அலையாத" என்பாள். போன நான்கு திங்கட்கிழமையாக மாகறல் சிவன் கோயிலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய் விளக்குப் போடுகிறாள். வராத அப்ரூவல் வரவேண்டும் என்று அவள் கண்ணை மூடி வேண்டுகிறாள், வந்த அப்ரூவலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நான் நிற்கிறேன். சிவன் என்ன நினைத்திருப்பார் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சைப் பிசைகிறது.

நான் சும்மாவும் இருக்கவில்லை. முறுக்குத் தாளை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று, நம் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் கார்டு போட்டு நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டுப் போட்டு வீடு வீடாகப் போனேன். இதில் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வீட்டில் என்னை ஓட்டுக் கேட்க வந்தவன் என்று நினைத்து, சாக்கடை அடைத்துக்கொண்டு ஆறு மாதமாகிறது என்று கையைப் பிடித்து இழுத்துப் போய் சாக்கடையைக் காட்டினார்கள். இன்னொரு வீட்டில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், "உங்க வூட்டுக்காரர் உயிரோட கீறாரா?" என்று கேட்டுவிட்டேன். நோட்டில் அந்தக் கட்டம்தான் முதலில் இருந்தது, அதனால் அதை முதலில் கேட்டேன். அந்த வீட்டுக்காரரே வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்து, "கீறேன், இன்னா விஷயம்?" என்றார். மொத்தம் இருபத்தைந்து பேர் தேறினார்கள். ஆபரேஷன் செய்தவர்கள் பதினோரு பேர், அதில் நாலு பேர் இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்கள் பதினாலு பேர், அதில் ரெண்டு பேர்தான் இல்லை. சென்னையும் அதையே சொல்லுது, உத்திரமேரூரும் அதையே சொல்லுது, இன்னும் என்ன வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டேன். உன் அம்மாவைத் திறக்கவிடுவதில்லை, அவ்வளவுதான்.

நேற்று திங்கட்கிழமை பாய் மண்டியில் ஒரு தகராறு. ஒருத்தர் காலையில் மெஷினில் அறுத்த நெல்லை அப்படியே டிராக்டரில் கொட்டிக்கொண்டு வந்திருந்தார், ஏரிப்பாய்ச்சல் நிலம். இன்னொருத்தர் நாலு நாள் ரோட்டில் காயப்போட்டுக் கொண்டுவந்திருந்தார். மூட்டையை நிறுத்தால் முதல் ஆளுடையது கனம். என் நெல்லு மணி, அவனுது பதரு என்று அந்த ஆள் கத்த, காயப்போட்டவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். பாய் என்னைப் பார்த்து, "கன்னியப்பா, நீயே சொல்லு, இவருதுல ஈரத்துக்கு எவ்ளோ அட்ஜஸ்ட் பண்லாம்?" என்றார். நான் ரெண்டு நெல்லை எடுத்துக் கடித்தேன். காய்ந்த நெல் டக்கென்று உடையும், இது நசுங்கியது. "மூட்டைக்கு நாலு கிலோ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ பாய்" என்றேன்.

சொன்னது நான்தான். என் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது. அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். பாய் ஓடிவந்து, "இன்னாபா இப்டி வேர்க்குது?" என்று துண்டால் விசிறினார். பங்குனி வெயில் பாய் என்றேன். தேவி, ஈர நெல்லையும் காய்ந்த நெல்லையும் அப்படியே தராசில் ஏற்றி இது ஒசத்தி அது மட்டம் என்று பேசுகிறவனை நாங்கள் மண்டிக்குள்ளேயே விடமாட்டோம். ஈரத்தைக் கழித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. புளி ஒட்டுவதும் அட்ஜஸ்ட்தான், ஈரம் கழிப்பதும் அட்ஜஸ்ட்தான், ஒன்று திருட்டு, ஒன்று நியாயம். வாழ்நாள் பூரா நெல்லுக்கு ஈரம் பார்த்த முட்டாள், மனுஷனுக்கு ஈரம் பார்க்க மறந்தேன். டாக்டர் யாருடைய நெஞ்சைத் திறக்கிறார்? ஏற்கெனவே மோசமாக இருக்கிறவனுடையதைத்தானே. திறந்ததால் செத்தானா, திறக்கவேண்டிய அளவுக்குப் போயிருந்ததால் செத்தானா என்று முறுக்குத் தாள் சொல்லவில்லை. அட்ஜஸ்ட் செய்து அதைச் சொல்கிற இரண்டாம் பக்கத்தில்தான் உன் அம்மா அதிரசம் சுற்றியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திரும்ப எடுத்தேன். ஓரத்தில் வம்புக்காகக் கிறுக்கியதெல்லாம் இருந்தது. இவரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். இவருக்கு இருபது வருடமாக சுகர். இவர் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்தே போய் ஸ்டென்ட் வைத்துக்கொண்டார். அதை வைத்து ஈரம், காய்ந்தது என்று இரண்டாகப் பிரித்தேன். ஈரமானவர்களில் ஆபரேஷன் செய்தது ஒன்பது பேர், அதில் நாலு பேர் போய்விட்டார்கள், அஞ்சு பேர் மாடு மேய்க்கிறார்கள். ஈரமாக இருந்தும் ஆபரேஷன் வேண்டாம் என்று பயந்து ஸ்டென்ட்டோடு வந்தது ரெண்டே பேர். அந்த ரெண்டு பேரும்தான் செத்த ரெண்டு பேர். காய்ந்தவர்களில் எதைச் செய்தவரும் சாகவில்லை. இருபத்தைந்து பேரை வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று நீ சிரிப்பாய், சிரி. ஆனால் நான் சிரிக்கவில்லை. அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் வீட்டில் அவருடைய செருப்பை இன்னும் வாசலில் வைத்திருக்கிறார்கள்.

உன் அம்மாவை நான் எந்தப் பக்கம் எழுதியிருந்தேன் தெரியுமா? காய்ந்த பக்கம். சமைக்கிறாள், பால் கறக்கிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள், இவளுக்கு என்ன என்று. ஆனால் தினமும் காலையில் வடகம் காயப்போட மாடிக்குப் போகிறோம், அவள் முன்னால், நான் தட்டோடு பின்னால். மூன்றாவது படியில் நின்றுவிடுகிறாள். முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி நிற்பாள், திரும்பியே பார்க்கமாட்டாள். ஒரு பத்து மூச்சு விடுகிற நேரம் இருக்கும், பிறகு ஏறுவாள். தட்டோடு அவளைத் தாண்டிப் போக முடியாது என்பதால் நானும் நிற்பேன். ஐந்தாவது படியில் சுவரைப் பிடிப்பாள், அது எல்லாரும் பிடிக்கிறதுதான். இந்த மூன்றாம் படி எந்த ஆஸ்பத்திரி பில்லில் வரும்? கிளெய்மில் எழுதாத சங்கதிக்கு எங்களால ஒண்ணும் பண்ண முடியாது நைனா என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். அப்படியானால் உன் அம்மா எவ்வளவு ஈரம் என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். தெரிந்தும் அம்பத்தோரு நாள் அவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பெரியப்பாவை ரெண்டு தடவை கொன்றேன்.

வருகிற வெள்ளிக்கிழமையோடு அப்ரூவல் தேதி முடிகிறதாம், அதைத் தாண்டினால் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து என்று இளவரசி சொல்லிவிட்டாள். உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல நேற்று மூன்று தடவை வாயைத் திறந்தேன், மூன்று தடவையும் காபி கேட்டுவிட்டேன். பயமாக இருக்கிறது, தேவி. சொன்னால் அவள் திட்டமாட்டாள், அதுதான் பயம். நீ வியாழக்கிழமை கிளம்பி வா. வருவதற்கு முன்னால் எனக்கு ஒன்று செய். உன் லட்சம் பேரில் உன் அம்மாவுக்குப் பொருத்தமான ஒரு ஆளைத் தேடிப் பார். வயசு அம்பத்தெட்டு, சுகர் பன்னிரண்டு வருடம், மூன்று அடைப்பு, மூன்றாம் படியில் மூச்சு வாங்குகிறது, புருஷன் மடையன். அப்படி ஒரு ஜீவன் அம்பத்தோரு நாள் தாமதமாக ஆபரேஷனுக்குப் போய்ப் பிழைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல். இல்லையென்றால் இல்லை என்று சொல்லாதே.

உன் விடுதி அம்மாவுக்கு என் வணக்கம். அறையில் கூட இருக்கும் திவ்யாவுக்கு என் ஆசி, அந்தப் பெண்ணையாவது நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மாகறல் சிவன் உனக்கு நல்ல புத்தியும், அது ஏற்கெனவே இருப்பதால் நல்ல வரனும், எனக்கு இந்த வயதிலாவது கொஞ்சம் தைரியமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு
உன் நைனா
ப. கன்னியப்பன்

பி.கு. அதிரசம் சுற்றிய தாள் ஒருவேளை பையில் கிடந்தால் எண்ணெயோடு இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு வா. கவர் வாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன், வந்து ஒட்டிச் சென்னை பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும், தபாலை நம்பினால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும்.

*(கடைசித் தாளின் பின்பக்கம், வேறு கையெழுத்தில்)*

தேவி, இது அம்மா எழுதறது. உங்க நைனா கவர் வாங்கப் போயிக் கீறாரு. வடகத் தட்டுக்கு அடியில இத்த ஒளிச்சி வெச்சிட்டுப் போனாரு. தட்ட நான்தானே எடுப்பேன், அது கூடத் தெரியல. பின்பக்கம் எழுதுனா தைரியமா எழுதலாம், எந்தத் தாளயும் திருப்பிப் பாக்கற பழக்கம் அவருக்குக் கெடையாது.

அப்ரூவல் வந்தது எனக்கு மொத நாளே தெரியும். கார்டு என் பேர்ல கீது, மெசேஜ் என் போனுக்குத்தானே வரும். இளவரசி எனக்கும் போன் பண்ணிக்கினுதான் இருந்தா. அந்தப் பொண்ணுகிட்ட, அவர் இன்னா சொன்னாலும் சரி சரின்னு கேட்டுக்கோமான்னு நான்தான் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் சேந்து என்ன பைத்தியம் ஆக்கிடுவீங்க ஆன்ட்டின்னு சொல்லுது. உங்க நைனா பண்ணது தப்புன்னா நான் பண்ணதும் அதே தப்புதான், அவர எதுவும் சொல்லாத.

மூணாவது படியில நான் நிக்கிறது எனக்காக இல்லம்மா. பின்னால அவரு மூச்சு சத்தம் கேக்கும், துருத்தி மாதிரி. திரும்பிப் பாத்தா ரோஷம் வந்துடும். ஏன் மூச்சு வாங்குதுன்னு கேட்டா வாயுன்னுவாரு, சோடாம்பாரு, எடது கை வலி மூட்ட தூக்குன வலிம்பாரு. அதான் முந்தானைய சரி பண்ற மாதிரி நின்னுடுவேன், மூச்சு அடங்கனதும் ஏறுவேன். எனக்கு வலிக்கிறது அஞ்சாவது படியிலதான். நான் போயி ஆஸ்பத்திரில படுத்துட்டா இவரு தனியா மாடி ஏறுவாரு, முன்னால நிக்கறதுக்கு யாரு கீறா? அத்த நெனச்சித்தான் நானும் அப்ரூவல் வராத மாதிரியே இருந்துட்டேன். மாகறலுக்குப் போனது அவரு வாயத் தொறந்து எனக்கும் நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லணும்னுதான். சிவன் அவர வாயத் தொறக்க வெச்சாரு, காபி கேட்டாரு.

நேத்து பாய் போன் பண்ணி, அண்ணி, கன்னியப்பன் மண்டில வேர்த்துக் கொட்டி உக்காந்துட்டான், தெருமொன வரைக்கும் நான்தான் வண்டில கொணாந்து வுட்டேன், உங்ககிட்ட சொல்ல வேணான்னு சத்தியம் வாங்கிக்கினான்னு சொன்னாரு. அதுக்கு மேல என்னால இருக்க முடியல. நாளைக்கே வர்றோம்னு இளவரசிகிட்ட சொல்லிட்டேன். எனக்கு அட்மிஷன். அவருக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லிக் கீறேன். கேட்டா, பேஷன்ட்டுக்குத் துணைக்கு வர்றவங்களுக்கு எடுக்கறது ரூல் அங்கிள்னு சொல்லச் சொன்னேன். அந்தப் பொண்ணும் இப்ப நல்லாப் பொய் சொல்லுது. மாட்டைக் கல்பனா பாத்துக்கறேன்னா. கார்டு ஒண்ணுதான், அதுல எங்க ரெண்டு பேர் பேரும் கீது. நீ வியாழக்கெழம நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு.

எனக்குப் பொருத்தமா லட்சம் பேர்ல ஒரு ஆளத் தேடச் சொல்லி எழுதிக் கீறாரு பாரு, நீ தேடாதம்மா. அதே வலி, அதே மூச்சு, ஒரு பில்லுலயும் பேரு இல்லாம, தட்ட எடுத்துக்கினு தெனம் என் பின்னாலயே வர்றாரு.

கேட்டு சத்தம் கேக்குது. கவரோட வந்துட்டாரு. உள்ள வராம வாசப்படியிலயே நின்னுக்கினு கீறாரு, நான் பாக்காத மாதிரி இத்த மடிச்சி வெக்கறேன்.